கனடாவில் பாட்டுக்கு அரச காசு: முதல் தடவை விண்ணப்பிப்பவருக்கு

கனடாவில் இசைக்கென்று அரசு ஒதுக்கும் காசு இருக்கிறது என்பது எங்கள் ஆட்களில் பலருக்குக் காதில் விழுந்த செய்திதான். அது எங்கே இருக்கிறது, யார் தருகிறார்கள், நாங்கள் கேட்டால் கிடைக்குமா என்று விசாரித்தால் பேச்சு மங்கிவிடும். அதெல்லாம் இங்கே பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு என்பார் ஒருவர். தமிழ்ப் பாட்டுக்கு ஏன் தரப்போகிறார்கள் என்பார் இன்னொருவர். தருகிறார்கள், மொழி ஒரு தடையே இல்லை. பெரும்பாலானவர்கள் விழுவது வேறு இரண்டு இடங்களில்: தட்ட வேண்டிய கதவை விட்டு வேறு கதவைத் தட்டுகிறார்கள், அல்லது சரியான கதவையே தட்டியும் கையில் கடதாசி ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள்.

நான் ஒன்ராறியோவில், அதிலும் ரொறன்ரோ, ஸ்காபரோப் பக்கம் இருப்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற மாகாணத்தில் இருந்தால் மாகாண அமைப்பின் பெயர்தான் மாறும்: பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிரியேட்டிவ் பிசி, அல்பேர்ட்டாவில் அல்பேர்ட்டா கலை அறக்கட்டளை, மனிற்றோபாவில் மனிற்றோபா ஃபிலிம் அண்ட் மியூசிக். வழிமுறை ஏறக்குறைய ஒன்றுதான். கியூபெக் தனி உலகம், அங்கே பிரெஞ்சு தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்: காசு இரண்டு வகை

ஒன்று கலைக் காசு. மற்றது தொழில் காசு. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கலைக் காசு தருபவை கலை மன்றங்கள். நாடு முழுவதற்கும் கனடா கலை மன்றம் (1957இல் தொடங்கியது), மாகாணத்துக்கு ஒன்ராறியோ கலை மன்றம் (1963), நகரத்துக்கு ரொறன்ரோ கலை மன்றம் (1974). இவர்கள் கேட்பது: நீங்கள் யார், என்ன செய்ய நினைக்கிறீர்கள், அது உங்கள் கலையை எங்கே கொண்டுபோகும், அதை ஏன் இப்போது செய்ய வேண்டும். பாட்டு எத்தனை பேரைச் சென்றடையும் என்பது இரண்டாம் பட்சம். விற்குமா என்று அநேகமாக யாரும் கேட்கமாட்டார்கள். மிருதங்கத்தையும் மின்னிசையையும் சேர்த்து ஒரு புதிய படைப்பு செய்து பார்க்க வேண்டும், ஆறு மாதம் ஒரு குருவிடம் நுணுக்கம் கற்க வேண்டும், வெளிநாட்டு விழா ஒன்று அழைத்திருக்கிறது, பயணச் செலவு வேண்டும் என்றால் இந்தப் பக்கம் வாருங்கள்.

தொழில் காசின் கதை வேறு. அதில் முக்கியமான பெயர் ஃபாக்டர். 1982இல் தனியார் வானொலி நிறுவனங்கள் சில, இசை வெளியீட்டாளர்களோடும் சுயாதீனத் தயாரிப்பாளர்களோடும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு இது. பிரெஞ்சுப் பாட்டுக்காரருக்கு இதன் இணை மியூசிக்அக்ஷன். ஃபாக்டரின் பெட்டிக்குள் இரண்டு குழாயால் காசு வருகிறது: மத்திய அரசின் கனடிய மரபுரிமைத் திணைக்களம் நடத்தும் கனடா இசை நிதியம் ஒன்று, வானொலி நிறுவனங்கள் உரிம நிபந்தனையாகக் கட்டுகிற காசு மற்றது. வானொலிக்காரர் அன்பினால் கட்டவில்லை, ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான சி.ஆர்.ரி.சி. கட்டச் சொல்கிறது. அதனால் இந்தக் காசுக்குப் பின்னால் நிற்கும் கேள்வியும் தொழில் கேள்விதான்: இந்தப் பதிவு எப்போது வெளிவரும், யார் கேட்பார்கள், எப்படி அவர்களிடம் கொண்டு சேர்ப்பீர்கள், உங்களுடைய இதற்கு முந்திய பாட்டுக்கு எத்தனை ஸ்ட்ரீம், எந்த ஊரில் உங்களுக்கு ரசிகர்.

இனி நடப்பதைப் பாருங்கள். எங்கள் பிள்ளை ஒருவர் ஃபாக்டருக்கு விண்ணப்பம் எழுதும்போது தமிழிசையின் தொன்மை, அப்பா அம்மா கடந்துவந்த போர், அடையாளம் என்று மூன்று பக்கம் எழுதுவார், வெளியீட்டுத் திகதியும் விளம்பரத் திட்டமும் இரண்டு வரியில் முடிந்துவிடும். அதே ஆள் கலை மன்றத்துக்குப் போகும்போது யூரியூப் பார்வை எண்ணிக்கையையும் இன்ஸ்ரகிராம் பின்தொடர்வோரையும் அடுக்குவார். இரண்டு இடத்திலும் நல்ல பாட்டு, இரண்டு இடத்திலும் நிராகரிப்பு. ஒரே திட்டத்தை இரண்டு இடத்துக்கும் அனுப்பலாம், தவறில்லை (ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் காசு வாங்க மட்டும் முடியாது). ஆனால் இரண்டு விண்ணப்பமும் இரண்டு தனி எழுத்தாக இருக்க வேண்டும்.

ஸ்பொட்டிஃபை, ஆப்பிள் போன்றவையும் இனிக் காசு கட்டும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023இல் அதற்கான சட்டம் நிறைவேறியது. 2024 ஜூனில் சி.ஆர்.ரி.சி., கனடாவில் ஆண்டுக்கு 2.5 கோடி டொலருக்கு மேல் வருமானம் உள்ள ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் அதில் 5 சதவீதம் கட்ட வேண்டும் என்றது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள், அந்த ஆண்டு டிசம்பரிலேயே கட்டுவது நிறுத்திவைக்கப்பட்டது. அந்தக் காசை நம்பி இப்போது திட்டம் போடாதீர்கள்.

நீங்கள் தகுதியானவரா?

கனடா கலை மன்றத்துக்கு நீங்கள் குடியுரிமை பெற்றவராகவோ நிரந்தர வதிவிட உரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும். மாணவர் விசாவில் வந்தவருக்கு அங்கே வழி இல்லை. ரொறன்ரோ கலை மன்றம் இந்த விஷயத்தில் கொஞ்சம் இளகியது, வதிவிட உரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர், அகதிக் கோரிக்கை கொடுத்தவர் ஆகியோரையும் ஏற்கும். ஆனால் நகருக்குள் குடியிருக்க வேண்டும், மார்க்கம், பிரம்டன், ஏஜக்ஸ் எல்லாம் ரொறன்ரோ இல்லை. புதுவரவு மற்றும் அகதிக் கலைஞர்களை ஏற்கெனவே இங்கே நிலைபெற்ற ஒரு கலைஞரோடு இணைத்துவிடும் திட்டமும் அந்த மன்றம் நடத்தியிருக்கிறது, அது திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

அடுத்தது, தொழில்முறைக் கலைஞர் என்ற சொல். இதைப் பார்த்ததும் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பகலில் வங்கி வேலை, இரவில் பாட்டு, நான் எப்படித் தொழில்முறை என்று. கனடா கலை மன்றத்தின் விளக்கத்தில் நீங்கள் பாட்டிலேயே சீவிக்க வேண்டும் என்று இல்லை. துறையில் பயிற்சி இருக்க வேண்டும் (கல்லூரியில்தான் என்று இல்லை, குருவிடம் இருந்த பத்து வருடமும் பயிற்சிதான்), அதே மரபில் இயங்கும் மற்றக் கலைஞர்கள் உங்களைக் கலைஞராக ஏற்றிருக்க வேண்டும், காசுக் கவலை இல்லாவிட்டால் இதற்குக் கூடுதல் நேரம் தருவீர்கள் என்ற முனைப்பு இருக்க வேண்டும், பொதுவெளியில் நிகழ்த்திய வரலாறு இருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் இடிப்பது கடைசி நிபந்தனையில். நிகழ்ச்சி செய்யாதவர் யாரும் இல்லை. கோயில் திருவிழா, பழைய மாணவர் சங்க இரவு, மார்க்கம் வீதித் தெருவிழா, கலியாண வீடு என்று வருடம் முழுக்க மேடைதான். ஆனால் காசு வாங்கியதற்கோ அழைக்கப்பட்டதற்கோ ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. எல்லாம் தொலைபேசியில் பேசி, பொன்னாடையோடு முடிந்துபோகும். இன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: யார் அழைத்தாலும் ஈமெயிலில் அழைக்கச் சொல்லுங்கள், நூறு டொலர் தந்தாலும் அதற்கு ஒரு இன்வொய்ஸ் கொடுங்கள், நிகழ்ச்சி நோட்டீஸைப் படமெடுத்து வையுங்கள், மேடையில் பாடியதை ஒருவரைக்கொண்டு ஒழுங்காகப் பதிவுசெய்யுங்கள். மாமாதானே, சங்கம்தானே என்று கூச்சப்படாதீர்கள். மூன்று வருடம் கழித்து உங்கள் நிகழ்ச்சிப் பட்டியலைப் படிக்கப்போகிறவருக்கு அந்த மாமாவைத் தெரியாது.

இன்னொன்று, அரங்கேற்றத்தைத் தலையாய சாதனையாகப் போடாதீர்கள். அதன் பெறுமதி எங்களுக்குத் தெரியும். வெளியாளுக்கு அது குடும்பம் செலவு செய்து நடத்திய விழா. அதற்குப் பிறகு யார் உங்களை அழைத்தார்கள் என்பதுதான் அவர் தேடுவது.

பாட்டு யாருடையது? இதை எழுத்தில் முடியுங்கள்

எந்த விண்ணப்பத்துக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. இசையமைத்தவர், வரி எழுதியவர், தயாரித்தவர் எல்லோரும் உட்கார்ந்து யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஸ்பிளிட் ஷீட் என்பார்கள். பாட்டு ஓடாத காலத்தில் இதை எழுதுவது பத்து நிமிட வேலை, ஓடிய பிறகு என்றால் வக்கீல் வேலை.

அதன் பிறகு சோக்கானில் சேருங்கள். இது பாடல் எழுதுவோர், இசையமைப்போர், வெளியீட்டாளர் ஆகியோரின் உரிமைப் பணத்தைச் சேகரிக்கும் சங்கம், சேர்வதற்குக் காசு இல்லை. பாட்டு வானொலியில் போனாலும் ஸ்ட்ரீமிங்கில் போனாலும் மேடையில் பாடினாலும் அதற்கான பங்கு இங்கிருந்து வரும். மேடை நிகழ்ச்சிக்கு நீங்களே பாட்டுப் பட்டியலை அவர்கள் தளத்தில் பதிந்தால்தான் வரும், இது தெரியாமல் விட்டுவிடும் ஆட்கள் நிறைய. இதே வேலையைச் செய்யும் இந்தியச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.இல் ஏற்கெனவே உறுப்பினராக இருந்தால் சேரும்போதே அதைச் சொல்லுங்கள், ஒரே உரிமையை ஒரே நேரத்தில் இரண்டு சங்கத்துக்குக் கொடுத்தால் சிக்கல்.

சோக்கான் பாடலுக்கு. ஒலிப்பதிவுக்கு ரீசவுண்ட். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் பதிவின் சொந்தக்காரருக்கும் சேர வேண்டிய பங்கு அந்த வழியாக வருகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. எண் எடுத்து வையுங்கள், கனடாவில் அதை வழங்குவது கனெக்ட் என்ற அமைப்பு, உங்கள் பாட்டைத் தளங்களில் ஏற்றும் விநியோகக் கொம்பனியும் ஒன்று தரும்.

மாஸ்டர், அதாவது மூல ஒலிப்பதிவின் உரிமை, யாரிடம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். சென்னையில் ஒரு ஓடியோ லேபலுக்குப் பாட்டைக் கொடுத்துவிட்டு, அவர்கள் பக்கத்தில் ஏறிய சந்தோசத்தில் இருக்கும் பிள்ளைகள் இங்கே உண்டு. ஒப்பந்தத்தை வாசித்தால் பதிவு முழுதாக அவர்களுடையது என்று இருக்கும். தொழில் நிதியம் ஒன்றும் வெளிநாட்டுக் கொம்பனியின் சொத்தை வளர்க்கக் கனடியக் காசைத் தராது.

மேப்பிள்: நான்கெழுத்துக் கணக்கு

1971இல் கனடிய வானொலிகள் கனடியப் பாட்டு 30 சதவீதம் போட வேண்டும் என்று விதி வந்தது. 1999இல் அது வெகுசன இசைக்கு 35 ஆனது. தொடக்க காலத்தில் சில வானொலிகள் அந்தப் பாட்டுகளை ஆள் கேட்காத நடுச்சாமத்தில் கொண்டுபோய்க் கொட்டின. அதற்கு பீவர் நேரம் என்று கேலிப் பெயரும் விழுந்தது, பீவர் என்ற விலங்கு கனடாவின் தேசியச் சின்னம் என்பதால். தமிழ் உட்பட இனமொழி நிகழ்ச்சிகளுக்கு விதி இளகியது, 7 சதவீதம் போட்டால் போதும். தமிழகத் திரைப்பாட்டு நாள் முழுக்க ஓட இடம் கிடைத்தது இப்படித்தான்.

எது கனடியப் பாட்டு? இசை, பாடுபவர், பதிவு நடந்த இடம், வரிகள் என்ற நான்கில் இரண்டு கனடியமாக இருக்க வேண்டும். ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து மேப்பிள் என்று வரும். இங்கே கனடியர் என்றால் குடியுரிமை உள்ளவர் மட்டும் இல்லை, வதிவிட உரிமை உள்ளவரும், பாட்டில் பங்களிப்பதற்கு முந்திய ஆறு மாதம் இங்கே வழக்கமாகக் குடியிருந்தவரும் அதில் அடக்கம். தொழில் நிதியங்களோடு பேசும்போது உங்கள் பதிவு கனடியப் பதிவா என்ற கேள்வி இந்த அளவுகோலில்தான் வரும்.

இப்போது எங்களிடம் சாதாரணமாக நடக்கிற ஒரு வேலைமுறையை எடுத்துக்கொள்வோம். பாடுவது ஸ்காபரோப் பிள்ளை. இசை சென்னையில் இருக்கும் ஒருவர், வாத்தியங்களை அங்கேயே பதிந்து அனுப்புகிறார். வரிகள் யாழ்ப்பாணத்தில் ஒரு கவிஞர். பிள்ளை இங்கே ஒரு ஸ்ரூடியோவில் குரலை மட்டும் பதிகிறது. கணக்குப் பாருங்கள்: பாடுபவர் கனடியர், ஒன்று. இசை இல்லை, வரிகள் இல்லை. குரலை இங்கே பதிந்தோமே என்றால் அது செல்லாது, பதிவு முழுவதும் கனடாவில் நடந்திருக்க வேண்டும். ஆக நான்கில் ஒன்று. காசு முழுக்க ரொறன்ரோவில் இருந்து போயிருந்தாலும் விதிப்படி அது கனடியப் பாட்டு இல்லை.

அதே பிள்ளை யாரோ எழுதிய பழைய திரைப்பாட்டு ஒன்றை எடுத்து, இங்குள்ள வாத்தியக்காரரோடு ஸ்காபரோ ஸ்ரூடியோவிலேயே முழுதாகப் பதிந்தால் பாடுபவரும் இடமும் சேர்ந்து இரண்டு, கனடியப் பாட்டு ஆகிவிடும்! விதி அப்படித்தான். அதற்காகக் கவர் பாட்டைத் தூக்கிக்கொண்டு கிராண்டுக்குப் போக வேண்டாம், சொந்தப் படைப்பு இருப்பவரின் பக்கத்தில் அது நிற்காது, உரிமம் எடுக்கும் தலையிடி வேறு.

சென்னைக்காரரை விட்டுவிடச் சொல்லவில்லை. வரியை நீங்களே எழுதுங்கள், பாடுபவரோடு இரண்டு ஆகிவிடும். அல்லது இங்கே முழுதாகப் பதியுங்கள். சேர்ந்து எழுதும் பாட்டுக்கும் வழி இருக்கிறது, அது வந்த கதை பிரபலம்: 1991இல் பிரையன் ஆடம்ஸ், கனடியரல்லாத தயாரிப்பாளர் ஒருவரோடு சேர்ந்து எழுதிய பாட்டுகள் கனடியப் பாட்டு இல்லை என்று ஆகிவிட்டது. கனடாவின் ஆகப் பெரிய பாடகர் கனடியர் இல்லையா என்று நாடே சிரித்த பிறகு விதியைத் திருத்தினார்கள். இசையிலும் வரியிலும் கனடியருக்குக் குறைந்தது பாதி பங்கு இருந்து, அதோடு பாடுபவரோ பதிவிடமோ கனடியமாக இருந்தால் போதும். அந்தப் பாதியை எங்கே காட்டுவீர்கள்? மேலே சொன்ன ஸ்பிளிட் ஷீட்டில்.

வீணை, வயலின், மிருதங்கக்காரருக்கு நல்ல செய்தி, கனடியர் ஒருவர் இயற்றிய வெறும் வாத்திய இசை அந்த ஒரு தகுதியாலேயே தேறிவிடும். சி.ஆர்.ரி.சி. இந்த அளவுகோலை மீள்பார்வை செய்ய எடுத்திருக்கிறது, ஆகவே விண்ணப்பிக்கும் நேரத்தில் அப்போதைய விதியை ஒருமுறை வாசியுங்கள்.

கணக்குத் திறப்பது

இது சலிப்பான வேலை, சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லா அமைப்புக்கும் இணையத்தளத்தில் தனித்தனிக் கணக்கு. கனடா கலை மன்றத்தில் உங்கள் விபரத்தைப் பதிந்து, அவர்கள் அதைப் பார்த்து ஏற்ற பிறகுதான் விண்ணப்பமே திறக்கும், அதற்கு 30 நாள் வரை போகும். கடைசி வாரத்தில் போய்ப் பதிந்தால் அந்தச் சுற்று போச்சு. ஃபாக்டரில் உங்களுக்கு ஒன்று, உங்கள் கலைஞர் பெயருக்கு ஒன்று என்று பதிய வேண்டும். ஸ்ட்ரீம், விற்பனை, பின்தொடர்வோர் போன்றவற்றை வைத்து உங்களை ஒரு தரத்தில் வைப்பார்கள், எந்தத் திட்டத்துக்குப் போகலாம் என்பது அந்தத் தரத்தைப் பொறுத்தது. புதியவர் அடித்தட்டில்தான் தொடங்குவார், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எந்தக் கதவை முதலில் தட்டுவது?

என் கருத்து: கீழிருந்து மேலே போங்கள். கனடா கலை மன்றத்தின் பெயர் பெரிது என்பதற்காக முதல் விண்ணப்பத்தை அங்கே அனுப்புவது நேர விரயம், அங்கே நீங்கள் நாடு முழுவதும் உள்ளவரோடு போட்டி போடுகிறீர்கள். ஸ்காபரோவில் இருந்தால் ஸ்காபரோ ஆர்ட்ஸ் என்ற அமைப்பின் வாசலுக்கு முதலில் போங்கள். எழுதுவது பற்றிய பட்டறை, சிறு வாய்ப்புகள், ஆட்களின் அறிமுகம் எல்லாம் அங்கே கிடைக்கும். நகரின் மற்றப் பகுதிகளுக்கும் இப்படி ஒவ்வொன்று உண்டு: நோர்த் யோர்க் ஆர்ட்ஸ், லேக்‌ஷோர் ஆர்ட்ஸ், ஆர்ட்ஸ் எட்டோபிகோ. அதற்குப் பிறகு ரொறன்ரோ அல்லது ஒன்ராறியோ கலை மன்றத்தில் இசைக் கலைஞருக்கான படைப்புத் திட்டம் ஒன்று. இதில் ஒன்றாவது கிடைத்த பிறகு கனடா கலை மன்றத்தின் எக்ஸ்ப்ளோர் அண்ட் கிரியேட் திட்டத்துக்குப் போங்கள்.

தொழில் பக்கம் என்றால் ஃபாக்டரில் ஆர்ட்டிஸ்ட் டெவலப்மென்ட் என்ற தொடக்கநிலைத் திட்டம். பதிவு, வீடியோ, இசைப் பயணம், விளம்பரம் என்று வருடத்து வேலைகளுக்குச் சேர்த்துத் தருகிற ஒரு சிறு தொகை. அடுத்த கட்டம் நடுவர்கள் கேட்டுத் தெரிவுசெய்யும் ஒலிப்பதிவுத் திட்டம், இதில் தொகை பெரிது, போட்டியும் பெரிது. ஸ்டார்மேக்கர் நிதியமும் ஒன்ராறியோ கிரியேட்ஸின் இசை முதலீட்டு நிதியமும் ஏற்கெனவே விற்பனை காட்டிய கலைஞருக்கும் கொம்பனிகளுக்கும் உரியவை, இப்போதைக்குப் பெயரைத் தெரிந்து வைத்தால் போதும்.

எழுதுவது

கலை மன்றத்தில் உங்கள் விண்ணப்பத்தை வாசிக்கப்போவது அரச அலுவலர் இல்லை, கலைஞர்கள் சிலர் சேர்ந்த நடுவர் குழு. அதில் ஒரு ஜாஸ் பியானோக்காரர் இருப்பார், ஒரு செலோக்காரர் இருப்பார், ஒரு பாடலாசிரியர் இருப்பார். இசை தெரிந்தவர்கள், ஆனால் கல்யாணி எது காம்போதி எது என்று தெரியாதவர்கள். அவர்களை முட்டாளாக்கவும் வேண்டாம், எல்லாம் தெரிந்தவர்களாக எடுக்கவும் வேண்டாம். ராகம் என்றால் என்ன என்று பாடம் எடுக்காமல், இந்தப் படைப்பில் அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

உலகின் மூத்த மொழி, ஐயாயிரம் ஆண்டு மரபு, இசை எல்லைகளைக் கடந்தது: இந்த வகை வாக்கியங்கள் எல்லாவற்றையும் வெட்டுங்கள். அவை உங்கள் பாட்டியின் தாலாட்டைப் பற்றியும் பொருந்தும், அடுத்த வீட்டுக்காரரின் பாட்டியின் தாலாட்டைப் பற்றியும் பொருந்தும். அதற்குப் பதிலாக: ‘நான்கு பாட்டு எழுதப்போகிறேன். நான்கும் வன்னியில் என் அம்மம்மா பாடிய ஒப்பாரி மெட்டுகளில் இருந்து எழும். மூன்று மெட்டு என்னிடம் பதிவாக இருக்கிறது, நான்காவதை அவரிடம் இருந்து சேகரிக்கப் போகிறேன். இவரும் இவரும் வாசிக்கிறார்கள், இருவரும் ஒப்புக்கொண்டு எழுதித் தந்திருக்கிறார்கள்.’ இவ்வளவுதான். செய்யப்போகிற வேலை கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அனுப்பும் இசைத் துண்டில் கவனமாக இருங்கள். நடுவர் ஒரு நாளில் நிறையக் கேட்கிறார், உங்களுக்குச் சில நிமிடம் கிடைக்கும். ஐந்து நிமிட ஆலாபனைக்குப் பிறகு பாட்டு சூடு பிடிக்கும் என்றால் அங்கிருந்து வெட்டிக் கொடுங்கள். கைத்தொலைபேசியில் பிடித்த, பின்னால் குழந்தை அழுகிற கோயில் மண்டபப் பதிவு வேண்டாம். வரிகளுக்கு ஆங்கிலத்தில் கருத்தை எழுதிச் சேருங்கள், கவிதையாக மொழிபெயர்க்கத் தேவையில்லை, என்ன சொல்லப்படுகிறது என்று புரிந்தால் போதும். பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோதான் விண்ணப்பம், ஆனால் இலக்கிய ஆங்கிலம் யாரும் கேட்கவில்லை, பிள்ளைகளைக்கொண்டோ செயற்கை நுண்ணறிவைக்கொண்டோ வழுவழுப்பாக்கி உங்கள் குரலே இல்லாமல் ஆக்குவதைவிடக் கரடுமுரடான சொந்த வாக்கியம் மேல்.

ஃபாக்டருக்கு எழுதும்போது வேறு ஆளாக மாறுங்கள். திகதி திகதியாகத் திட்டம்: முதல் தனிப்பாட்டு எப்போது, வீடியோ எப்போது, எந்த வானொலிக்கு, எந்த விழாவுக்கு. தமிழ்ப் பாட்டு என்பது இங்கே பலம்தான், சரியாகச் சொல்லத் தெரிந்தால். ரொறன்ரோ, மொன்றியல், லண்டன், பாரிஸ், சென்னை, கோலாலம்பூர் என்று ஒரே மொழியில் கேட்பவர்கள் பரந்து கிடக்கிறார்கள் என்பதை உங்கள் ஸ்ட்ரீமிங் பக்கத்தில் எந்த ஊரில் எத்தனை பேர் என்று வரும் கணக்கோடு காட்டுங்கள். உலகெங்கும் உள்ள தமிழர் கேட்பார்கள் என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஷான் வின்சன்ட் டி போல், யஞ்சன் போன்றவர்கள் இந்த ஊரில் இருந்தே மிருதங்கத்தையும் ராப்பையும் சேர்த்து வெளியே கேட்கவைத்த பிறகு, தமிழ் ஒலி ஒன்றை இங்குள்ளவருக்கு விளக்குவது முன்பு இருந்த அளவு கடினம் இல்லை.

இன்னொரு விஷயம், எங்கள் ஆட்கள் செய்யவே செய்யாதது: திட்ட அலுவலரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். ஒவ்வொரு திட்டத்தின் பக்கத்திலும் அவர் பெயரும் எண்ணும் இருக்கும். என் திட்டம் இதற்குப் பொருந்துமா என்று கேட்பது சிபாரிசு பிடிப்பது இல்லை, அவருடைய வேலையே அதுதான்.

பட்ஜெட்

ஃபாக்டரின் பல திட்டங்களில் ஏற்கத்தக்க செலவில் 75 சதவீதம் வரைதான் அவர்கள் தருவார்கள், மிச்சம் உங்களுடையது. எங்கிருந்து வரும் என்று காட்ட வேண்டும். ஸ்ரூடியோ, ஒலிக்கலப்பு (மிக்ஸிங்) வேலை, வாத்தியக்காரர் என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் விலை வாங்குங்கள்.

உங்களுக்கு நீங்களே சம்பளம் போடுங்கள். நான் என் பாட்டுக்குக் காசு எடுப்பதா என்று சைபர் போட்டு அனுப்புபவரைத் தியாகி என்று நடுவர் நினைக்கமாட்டார், இவருக்குத் தொழில் தெரியாது என்று நினைப்பார். நண்பர் சும்மா வாசித்துத் தருவார் என்பதும் அப்படியே, கலை மன்றங்கள் கலைஞருக்கு ஒழுங்கான கூலி போகிறதா என்று பார்க்கின்றன.

கையில் காசாகக் கொடுக்காதீர்கள். இ-ரான்ஸ்ஃபர், காசோலை, அட்டை, எதுவாக இருந்தாலும் சுவடு இருக்க வேண்டும், இன்வொய்ஸில் உள்ள பெயரும் காசு போன கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். விண்ணப்பம் போடுமுன் செய்த செலவைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள், ஆகவே ஆவேசத்தில் முதலே ஸ்ரூடியோவுக்கு முற்பணம் கட்டிவிடாதீர்கள்.

பதில் வந்த பிறகு

சில மாதம் போகும். அந்தக் காசை நம்பி மண்டபம் பதிய வேண்டாம்.

இல்லை என்று வந்தால் முதலில் அலுவலரிடம் கருத்துக் கேளுங்கள், சில இடங்களில் நடுவர் சொன்னதன் சாரத்தைத் தருவார்கள். பரிந்துரைக்கப்பட்டது ஆனால் காசு போதவில்லை என்று பதில் வந்தால் அது தோல்வியே இல்லை, அடுத்த சுற்றுக்கு அதையே திருத்தி அனுப்புங்கள். அடுத்த தடவை வேறு நடுவர்கள் இருப்பார்கள்.

ஆம் என்று வந்தால் ஒப்பந்தத்தை முழுதாக வாசியுங்கள். ஃபாக்டர் பெரும்பாலும் காசை இரண்டாகப் பிரித்துத் தரும், இரண்டாவது பங்கு வேலை முடிந்து கணக்குக் காட்டிய பிறகுதான். கனடிய அரசையும் தனியார் வானொலி நிறுவனங்களையும் குறிப்பிட்டு நன்றி வரியும் சின்னமும் போட வேண்டும், பாட்டு வெளியான பிறகு ஞாபகம் வந்தால் சிரமம். திட்டத்தில் வாத்தியக்காரர் மாறினாலோ திகதி தள்ளிப்போனாலோ செய்வதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள், அநேகமாகச் சரி என்பார்கள், சொல்லாமல் செய்தால்தான் பிரச்சினை. இறுதி அறிக்கை கொடுக்காதவருக்கு அந்த அமைப்பில் அடுத்த விண்ணப்பம் திறக்காது.

வரி மறக்க வேண்டாம். கலை மன்றத்தின் காசுக்கு அடுத்த பெப்ரவரியில் டி4ஏ என்ற படிவம் வரும், அது வருமானம். திட்டத்துக்குச் செய்த செலவைக் கழித்துக் காட்டலாம், அதற்குத்தான் அந்த ரசீதுகள். வழமையாகச் சம்பள வரி மட்டும் செய்துதரும் கணக்காளருக்கு இது பழக்கம் இல்லாமல் இருக்கலாம், கலைஞருக்குச் செய்து பழகிய ஒருவரிடம் போங்கள்.

ஒன்றிரண்டு கிராண்ட் கிடைத்து, மேடை வரலாறும் சேர்ந்த பிறகு நீங்களே நடுவராக இருக்க விருப்பம் தெரிவித்துப் பெயர் கொடுக்கலாம். கனடா கலை மன்றமும் ஒன்ராறியோ கலை மன்றமும் அப்படிப் பெயர்களைச் சேர்க்கின்றன, கூலியும் உண்டு. ஒரு நாள் அந்த மேசையில் இருந்து மற்றவர்களின் விண்ணப்பங்களை வாசித்தால் எது எடுபடுகிறது, எது எடுபடவில்லை என்பது எந்தப் பட்டறையிலும் கிடைக்காத அளவுக்குத் தெளிவாகும். கர்நாடக இசையோ தமிழ்ச் சொல்லிசையோ வரும்போது அது என்ன என்று மற்ற நடுவர்களுக்குச் சொல்ல அறையில் ஒருவராவது இருப்பார்.